வார்சா பழைய சந்தைச் சதுக்கம்: பழசா, பழசு மாதிரியா?

வாசகர் கேள்வி, 3 நவம்பர் 2023

ஜெர்மனியில் படிக்கிறேன். 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் வழியில் போலந்து தலைநகர் வார்சாவில் விமானம் மாற ஏழு மணி நேரம் இருக்கிறது. காலை பத்தரைக்கு இறங்குவேன். பழைய நகரச் சதுக்கத்தின் படங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. மஞ்சள், பச்சை, செங்காவி என்று தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள். ஆனால் அறை நண்பன், "அதெல்லாம் டூப்ளிகேட்டுடா, போருக்கு அப்புறம் போட்ட செட்டு. நெஜமான பழைய ஊர் வேணும்னா கிராகோவ் போ" என்கிறான். கிராகோவ் போக நேரமில்லை. செட்டைப் பார்க்க வெளியே வரலாமா, விமான நிலையத்திலேயே தூங்கலாமா?

3 நவம்பர், இரவு 9.40

நண்பர் சொன்னது சரிதான். சதுக்கத்தைத் திறந்தது 1953 ஜூலை 22. என் அப்பா 1951. படத்தில் நீங்கள் பார்த்த 'பழைய' வீடுகள் அப்பாவுக்குத் தம்பி முறை. ஒரு மணி நேரம் போதும், பார்த்துவிட்டு ஓடிவிடுங்கள்.

3 நவம்பர், இரவு 11.05

மேலே எழுதியது எனக்கே உறுத்துகிறது. ஆறு வருடம் முன்பு இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தது அது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. கல் பாவிய தரை, குதிரை வண்டி, குடைக்குக் கீழே உட்கார்ந்து பீர் குடிக்கும் கூட்டம், நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை. நீளம் 90 மீட்டர், அகலம் 70க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் இடம். ஒரு சுவரில் 'புனரமைக்கப்பட்டது 1953' என்ற மாதிரி எழுத்தைப் பார்த்ததும் மனது இறங்கிவிட்டது. சினிமா செட்டுக்குள் டிக்கெட் எடுத்து வந்தவன் மாதிரி ஒரு கோபம். ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தக் கோபம் எப்படிப் போனது என்பதை நாளை எழுதுகிறேன். இப்போது தூக்கம் வருகிறது.

4 நவம்பர், காலை 8.20

மாற்றியது ஒரு ஆகஸ்ட் 1. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மாலை ஐந்து மணிக்குப் பேருந்தில் இருந்தேன். நடுரோட்டில் நின்றது. வண்டி பஞ்சர் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லா வண்டியும் நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்றார், நடைபாதையில் போன பையன் ஹெட்போனைக் கழற்றினான். சைரன் ஒரு நிமிடம் ஊதியது. யாரும் அசையவில்லை. நான் மட்டும் பக்கத்து ஆளிடம் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

1944 ஆகஸ்ட் 1, மாலை 5 மணிக்கு இந்த ஊர்க்காரர்கள் ஜெர்மன் ராணுவத்துக்கு எதிராக எழுந்தார்கள். 63 நாள் தாக்குப்பிடித்தார்கள். பழைய நகரம் செப்டம்பர் 2ஆம் தேதி வீழ்ந்தது. அதற்குள் போராளிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கி, இடுப்பளவு கழிவில் நடந்து தப்பினார்கள். இறங்கின இடம் கிராசின்ஸ்கி சதுக்கத்தில் ஒரு சாக்கடை மூடி, இன்றும் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

போராளிகள் சரணடைந்த பிறகும் ஜெர்மானியர்கள் விடவில்லை. ஊரைக் காலி செய்துவிட்டுத் தெருத் தெருவாகக் கொளுத்தி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். சண்டையில் விழுந்ததைவிட, சண்டை முடிந்த பிறகு நிதானமாகப் போய் இடித்ததுதான் என்னை உலுக்கியது. பழைய நகர வாசலில் நிற்கும் அரச அரண்மனையின் சுவர்களில் வெடி வைக்கத் துளைகளை 1939லேயே போட்டுவைத்திருந்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்து, பழைய நகரம் வீழ்ந்த கையோடு 1944 செப்டம்பரில் வைத்தார்கள். 1945 ஜனவரி 17 அன்று சோவியத் படை உள்ளே வந்தபோது பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு செங்கல் மேடு.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி போய் அதே குடைக்குக் கீழே உட்கார்ந்தேன். பீர் அதே விலைதான் (கூடுதல்). வீடுகள் வேறு மாதிரித் தெரிந்தன.

4 நவம்பர், மதியம் 1.30

ஒருவர் தனிச்செய்தியில், "இடிச்ச ஊரை அப்படியே திருப்பிக் கட்டுறதுக்குப் பதிலா புது ஊர் கட்டியிருக்கலாமே" என்று கேட்கிறார். அதையும் யோசித்தார்கள். இடிபாட்டை நினைவாக விட்டுவிட்டுத் தலைநகரத்தை ஊட்ச் நகரத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சே இருந்தது. 1945 பிப்ரவரியில் தலைநகர் புனரமைப்பு அலுவலகம் தொடங்கினார்கள். அதில் பழம்பொருள் பிரிவுக்குத் தலைவர் யான் ஸக்வாத்தோவிச் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். வழக்கமாக அந்தத் துறைக்காரர்களின் வேதம், 'பழசைக் காப்பாற்று, இல்லாததைக் கட்டாதே' என்பது. இவர் அதைத் தெரிந்தே மீறினார். அடையாளம் தெரியாமல் அழிக்க வேண்டும் என்றே ஒருத்தன் அழித்திருக்கிறான், அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி.

எப்படி அச்சு அசலாகக் கட்ட முடிந்தது என்றால், 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெல்லொட்டோ என்ற வெனிஸ்காரர், இங்கே கனலெத்தோ என்பார்கள், அரசரின் ஓவியராக இருந்து இந்தச் சதுக்கத்தைத் துளி விடாமல் வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களை வைத்துக் கட்டினார்கள்.

5 நவம்பர், மாலை 6.00

திருத்தம். நேற்று எழுதிய கடைசிப் பத்தி தப்பு. ஊரில் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை, நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டேன். "நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கியா?" என்று வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பார்த்ததில்லை. இன்று ஞாயிறு, இரண்டு பேரும் அரண்மனைக்குப் போனோம்.

கனலெத்தோ அறையில் 22 நகரக் காட்சிகள் மாட்டியிருக்கின்றன. ஜெர்மானியர்கள் எடுத்துப் போய், போருக்குப் பின் திரும்பி வந்தவை. பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மியோதோவா தெரு இருக்கிறது, அரச வீதி இருக்கிறது, ஆற்றின் அக்கரையிலிருந்து ஊர் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் புதிய நகரச் சதுக்கம்கூட இருக்கிறது. பழைய சந்தைச் சதுக்கம் மட்டும் இல்லை! அரச வீதியில் சில மாளிகைகளைத் திருப்பிக் கட்டும்போது அந்தப் படங்கள் உதவின. சதுக்கத்துக்கு அல்ல. தவிர, அவர் காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி லென்ஸை வைத்து வரைந்தாலும் கை சும்மா இருக்கவில்லை, அங்கங்கே அழகு கூட்டியிருக்கிறார்.

சதுக்கத்தைக் காப்பாற்றியது ஓவியர் இல்லை, மாணவர்கள். வார்சா பாலிடெக்னிக்கில் போருக்கு முன்பு கட்டடக்கலை படித்த பிள்ளைகள் பயிற்சிக்காக டேப் பிடித்து ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைந்திருந்தார்கள். ஜன்னல் அகலம், படிக்கட்டு, கதவு நிலை எல்லாம். அந்தத் துறையை நடத்திய ஆஸ்கர் ஸொஸ்னோவ்ஸ்கி 1939 செப்டம்பரிலேயே குண்டுக்குப் பலியானார். ஊர் எரிந்துகொண்டிருந்தபோது அந்த வரைபடங்களை வெளியே கடத்திப் பியோத்ர்கூவ் என்ற ஊரில் ஒரு மடத்தில் ஒளித்து வைத்தார்கள். அரசர் வைத்திருந்த ஓவியரைவிட, மார்க்குக்காக அளந்த பையன்கள்தான் ஊருக்கு உதவியிருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் ஏன் இதைச் சொல்வதில்லை என்பது புரியவில்லை. இது அதைவிட நல்ல கதை.

கனலெத்தோ அறையில் நாங்கள் நின்ற நேரத்தில் இரண்டு குழுவுக்கு வழிகாட்டிகள் பழைய கதையையே சொன்னார்கள். வாயைத் திறக்கப் போனேன். வீட்டம்மா கையைக் கிள்ளிவிட்டாள்.

6 நவம்பர், காலை 7.15

கேள்வி கேட்டவருக்கு, பயண விவரம். விமான நிலையத்திலிருந்து 175 எண் பேருந்து. 75 நிமிட டிக்கெட் எடுங்கள். கடைசி நிறுத்தம் பில்சுட்ஸ்கி சதுக்கம், அங்கிருந்து கால் மணி நேரம் நடை. ஏறினதும் டிக்கெட்டை மெஷினில் குத்திக்கொள்ளுங்கள். நான் வாங்கிப் பையில் பத்திரமாக வைத்திருந்து அபராதம் கட்டியவன்.

19ஆம் தேதி மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். எனவே நேரே வாருங்கள், வழியில் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஞாயிறு என்பதால் பெரிய கடைகள் மூடியிருக்கும், அதுதான் இங்கே சட்டம். சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும். ரப்பர் அடியுள்ள ஷூ போடுங்கள். உருளைக் கற்கள், ஈரம் பட்டால் சோப்பு. இரண்டு வருடம் முன்பு கடற்கன்னிக்கு நேர் எதிரே உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமே கைதட்டியது.

6 நவம்பர், இரவு 10.30

இன்னொரு நண்பர் கேலியாக, "ஆக, ஜெராக்ஸ். நல்ல ஜெராக்ஸ். ஆனா ஜெராக்ஸ்தானே" என்கிறார்.

ஜெராக்ஸ்கூட இல்லை என்பதுதான் விஷயம். 1939இல் இருந்ததை அவர்கள் அப்படியே கட்டவில்லை. அப்போது இந்தப் பகுதி ஏழைகள் அடைந்து கிடந்த இடம். முன்பக்க வீடு, அதன் பின்னால் ஒரு கட்டு, அதன் பின்னால் இன்னொரு கட்டு என்று வெளிச்சம் புகாமல் அடைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மேலே மேலே மாடி ஏற்றியிருந்தார்கள். திருப்பிக் கட்டும்போது பின்கட்டுகளைக் கட்டவில்லை, அந்த இடத்தை முற்றமாக விட்டார்கள். பிற்காலத்து மாடிகள் சிலவற்றைக் குறைத்தார்கள். கோட்டைச் சுவரை மறைத்துக்கொண்டிருந்த வீடுகளைத் திரும்ப எழுப்பாமல் சுவரை வெளியே காட்டினார்கள். உள்ளே தொழிலாளர் குடும்பங்களுக்குக் குளியலறையோடு அடுக்குமாடிக் குடியிருப்பு. முகம் 17, 18ஆம் நூற்றாண்டு, வயிறு 1953.

போருக்கு முந்தின ஊரைவிட இந்த ஊர் பழசாகத் தெரிகிறது. அதாவது அவர்கள் நகல் எடுக்கவில்லை, எடிட் செய்தார்கள். இதைத் 'திருட்டு' என்று சொல்பவர்களும் உண்டு. நான் அதற்குப் பாதி சம்மதம். அந்த ஏழைகளின் நூறு வருடத்தைத் துடைத்துவிட்டு வியாபாரிகளின் பொற்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் இல்லையா?

7 நவம்பர், காலை 6.50

நேற்றைய கடைசி வரியை யோசித்துக்கொண்டே படுத்தேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. துடைத்தார்கள், ஆனால் அந்த வீடுகளுக்குள் குடிவைத்ததும் சாதாரண மக்களைத்தான். வியாபாரியின் முகப்புக்குப் பின்னால் ஒரு கொத்தனார் குடும்பம். இது அந்தக் காலத்து அரசு பெருமையடித்துக்கொண்ட விஷயம். பெருமையில் எவ்வளவு நிஜம் என்பது வேறு. ஆனால் திறப்பு விழா ஜூலை 22 என்பதைக் கவனியுங்கள், அது அப்போதைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் தேசிய நாள். சதுக்கத்துக்கு அடியில் போகும் கிழக்கு மேற்குச் சாலையும் 1949 ஜூலை 22தான். தேர்தலுக்கு முந்தின வாரம் பாலம் திறக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போல.

அந்தச் சாலையிலிருந்து மேலே அரண்மனைச் சதுக்கத்துக்கு வர ஒரு நகரும் படிக்கட்டு உண்டு. முதலில் போட்டது சோவியத் நாட்டிலிருந்து வந்தது, வார்சாவின் முதல் எஸ்கலேட்டர். இப்போது ஓடுவது 2005இல் மாற்றியது. அதில் ஒருமுறையாவது ஏறுங்கள்.

7 நவம்பர், மாலை 5.45

'சதுக்கத்துக்கு அடியில்' என்று எழுதியது தப்பு. சாலை போவது அரண்மனைச் சதுக்கத்துக்கு அடியில், சந்தைச் சதுக்கத்துக்கு அடியில் இல்லை. இரண்டும் வேறு. முதலில் சிக்மண்ட் அரசர் தூண் நிற்கும் அரண்மனைச் சதுக்கம் வரும், அங்கிருந்து ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் சந்தைச் சதுக்கம். பலர் முதலாவதிலேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

8 நவம்பர், இரவு 9.00

செங்கல் விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

'மொத்த நாடும் தன் தலைநகரைக் கட்டுகிறது' என்பது அந்நாளைய கோஷம். மொத்த நாடும் என்றால் நிஜமாகவே. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி இருந்தார். போன வருடம் காலமானார். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய் இடிபாட்டுச் செங்கலில் ஒட்டின சுண்ணாம்பைச் சுத்தியலால் தட்டிச் சுத்தம் செய்யச் சொன்னார்களாம். "ஜாலியாக இருந்தது, பாடம் கிடையாது" என்றார். தியாகக் கதை கேட்கப் போனவனுக்குக் கிடைத்த பதில் அது. நாள் முழுக்கத் தட்டியும் கையில் கொப்புளம்தான் மிச்சம், கொடுத்த சூப்பில் உப்பில்லை என்று அந்த உப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஆனால் உடைந்த செங்கல் போதவில்லை. அதனால் போருக்குப் பிறகு போலந்துக்கு வந்த மேற்குப் பகுதி நகரங்களிலிருந்து ரயிலில் செங்கல் வந்தது. வ்ரோத்ஸ்வாவ், ஷ்ட்செத்சின் போன்ற ஊர்கள். அவையும் போரில் அடிபட்டவை. அங்கே பழுது பார்த்து நிறுத்தியிருக்கக்கூடிய சுவர்களையும் பிரித்து ஏற்றினார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் குறைப்படுவார்கள். சந்தைச் சதுக்கத்துக்குச் சற்று வடக்கே நிற்கும் செங்கல் கோட்டை வாசலை, பார்பகன் என்பார்கள், வ்ரோத்ஸ்வாவ், நிஸா பக்கத்துப் பழைய கட்டடங்களின் செங்கல்லை வைத்தே கட்டினார்கள். எனவே கோட்டை வாசல் 1950களில் கட்டியது, ஆனால் செங்கல் நிஜமாகவே பழசு, வேறு ஊர்ப் பழசு. எது அசல், எது நகல் என்று இனி யாராவது கேட்டால் அந்த வாசலைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன்.

என் அலுவலகத்தில் வ்ரோத்ஸ்வாவ்காரர் ஒருவர் இருக்கிறார். வார்சா பழைய நகரத்துக்கு மதிய உணவுக்குக் கூப்பிட்டால், "எங்க ஊருக்குப் போகலாம்கிறீங்களா, சரி" என்பார்.

9 நவம்பர், இரவு 8.20

சாப்பாடு பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சதுக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் காட்சிக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். கோட்டை வாசல் தாண்டினதும் ஒரு 'பால் கடை' உண்டு. பால் கடை என்றால் பால் மட்டும் இல்லை, கம்யூனிஸ்ட் காலத்து மலிவு உணவகம், இன்றும் அரசு மானியம் உண்டு. தட்டை நீங்களே எடுத்துப் போக வேண்டும், சாப்பிட்டதும் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். பரிமாறும் அம்மா முறைப்பார். கோபம் இல்லை, அவர் முகமே அப்படி.

சைவம் என்றால் பியெரோகி ரூஸ்கியே கேளுங்கள். உருளைக்கிழங்கும் பால்கட்டியும் வைத்த கொழுக்கட்டை, வதக்கின வெங்காயம் மேலே. மேலே பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ரூஸ்கியே' என்றால் ரஷ்யா இல்லை, ருத்தேனியா என்ற பழைய பகுதி. 2022 போர் தொடங்கினதும் பல கடைகள் பெயரை 'உக்ரைன் பியெரோகி' என்று மாற்றி எழுதின. பலகையில் எது இருந்தாலும் தட்டில் அதே கொழுக்கட்டை.

ரோஜா ஜாம் வைத்த போன்ச்கியையும் விடாதீர்கள், இந்த ஊர் டோனட்.

11 நவம்பர், மதியம் 12.10

இன்று சுதந்திர தினம், பழைய நகரப் பக்கம் கால் வைக்க முடியாது. வீட்டில் இருக்கிறேன், எனவே சுவர் வண்ணம்.

கேள்வி கேட்டவர் நிறம் பார்த்துத்தான் மயங்கினார், நானோ இதுவரை நிறத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த நிறங்களும் ஆதிகாலத்து நிறங்கள் இல்லை. 1928இல் ஓவியர்கள் சேர்ந்து சதுக்கத்து வீடுகளுக்கு வண்ணச் சித்திரங்கள் தீட்டினார்கள். போர் அதைக் கொண்டுபோனது. 1953க்காக அடுத்த தலைமுறை ஓவியர்கள் மறுபடி தீட்டினார்கள், ஆனால் 1928ஐப் பார்த்து நகல் எடுக்கவில்லை, தங்கள் கைக்கு வந்ததைப் போட்டார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள், நிறைய இடத்தில் அது பெயிண்ட் இல்லை. ஒரு நிறச் சாந்து பூசி, அதன் மேல் வேறு நிறச் சாந்து பூசி, ஈரம் காயும் முன் மேல் பூச்சைக் கீறி எடுப்பார்கள். கீறின இடத்தில் அடி நிறம் தெரியும். ஸ்க்ராஃபித்தோ என்று பெயர். மழையில் கரையாது. காலை வெயில் சாய்ந்து அடிக்கும்போது கீறலின் விளிம்பில் நிழல் விழும். அதுதான் சதுக்கத்தில் எனக்குப் பிடித்த காட்சி. படத்தில் வராது, பலமுறை முயன்றுவிட்டேன்.

மனிதர்கள், மீன், கப்பல், பூக்கள் எல்லாம் இருக்கும். சற்றுத் தள்ளி நின்று அந்த மனிதர்களின் முகத்தைப் பாருங்கள். இடைக்கால உடை, 1950களின் முகம்.

12 நவம்பர், இரவு 10.45

தீபாவளி. வீட்டம்மா முறுக்கு சுட்டாள், கீழ் வீட்டுக்காரர் புகை வாசம் பார்த்துக் கதவைத் தட்டினார், ஒரு தட்டு கொடுத்து அனுப்பினோம். ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் இந்த விவாதத்தைச் சொன்னேன். 'உங்களுக்குத் தம்பி முறை வீடுகள்' என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

அப்பா சிரித்துவிட்டு, "1951 சர்ட்டிபிகேட்டுல இருக்கறதுப்பா. பள்ளிக்கூடத்துல சேர்க்க வயசு பத்தலைன்னு வாத்தியார் கூட்டிப் போட்டது. நெஜம் அம்பத்தி மூணு. ஆடிப்பெருக்குக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னாடின்னு எங்கம்மா சொல்லும்" என்றார்.

ஐம்பது வயதில் எனக்கு அப்பாவின் வயது தெரிகிறது. ஆடி 18 என்பது ஆகஸ்ட் 2, 3 வாக்கில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள். முதல் குறிப்பில் 'தம்பி முறை' என்பதை அடித்துவிடவும்.

13 நவம்பர், காலை 7.30

'ஐம்பது வயதில்' என்று எழுதியதற்கு ஒருவர், அப்பா 1953 என்றால் அவருக்கு இருபது வயதிலேயே நீங்கள் பிறந்தீர்களா என்று கணக்குப் போட்டுக் கேட்கிறார். நாற்பத்து மூன்று. தூக்கக் கலக்கத்தில் எழுதியது, என் வயதையும் யாரோ வாத்தியார் கூட்டிப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

14 நவம்பர், இரவு 9.15

போன வருடம் கோடையில் அம்மா வந்திருந்தாள். சதுக்கத்தைச் சுற்றிக் காட்டினேன். இதே கதை எல்லாம் சொன்னேன், எழுச்சி, சாக்கடை, செங்கல். அம்மா எல்லாவற்றுக்கும் உச்சுக்கொட்டிவிட்டுக் கடைசியில், "இவ்வளவு வீடு கட்டியிருக்காங்க, ஒண்ணுத்துக்குக்கூடத் திண்ணை இல்லையே. வந்தவங்க எங்க உக்காருவாங்க?" என்றாள். காசு கொடுத்து ஓட்டலில் உட்கார வேண்டும் என்றேன். "அதுக்குத்தான் திண்ணை வைக்கலை" என்று முடித்துவிட்டாள்.

அம்மாவின் கண்ணில்தான் ஒன்று பட்டது. மேல் மாடி ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "மேல ஆளுங்க இருக்காங்களா?" இருக்கிறார்கள். கீழே கடை, மேலே வீடு. ஆனால் வர வர ஜன்னல்களில் திரைச்சீலைகள் மாறிவிட்டன, எல்லாம் ஒரே வெள்ளை, நாள் வாடகைக்கு விடும் வீடுகள். துணி காயும் ஜன்னலைக் கண்டால் எனக்கு இப்போது ஒரு சந்தோஷம். 80 வருடம் முன்பு இடித்ததைவிடச் சத்தமில்லாமல் இது காலியாகிக்கொண்டிருக்கிறதோ என்று பயம்.

15 நவம்பர், காலை 8.00

நேற்றின் கடைசி வரி மிகை. இடித்ததோடு ஒப்பிட்டிருக்கக் கூடாது.

16 நவம்பர், இரவு 8.50

எதைப் பார்க்க வேண்டும் என்று நேரடியாகக் கேட்டிருக்கிறார். முன்னால் கிடப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், நான் தையல் தெரியும் இடங்களைச் சொல்கிறேன்.

சதுக்கத்தின் வடக்குப் பக்கத்துக்கு டெகெர்ட் பக்கம் என்று பெயர், 18ஆம் நூற்றாண்டு மேயர் ஒருவர். நாலு பக்கத்துக்கும் அப்படி ஆள் பெயர் உண்டு. அந்த வடக்கு வரிசையில் மட்டும் சில முகப்புகள் இடிபாட்டிலும் நின்றன. இப்போது அங்கே வார்சா அருங்காட்சியகம், 11 வீடுகளை உள்ளே ஒன்றோடொன்று திறந்து சேர்த்திருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனோம் என்பது தரை மட்டம் மாறும்போதுதான் தெரியும். நடுவில் நிற்கும் கடற்கன்னி நகல். 1855இல் வார்த்த அசல் இந்த அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறாள். வெளியே இருப்பவளோடு படம் எடுத்துவிட்டு உள்ளே போய் அசலைப் பாருங்கள், உடம்பெல்லாம் காயம்.

மேற்குப் பக்க மூலையில் புனித அன்னாள் சிலை வைத்த வீடு. பக்கச் சுவரில் பூச்சு இல்லாமல் இடைக்காலச் செங்கல் வளைவுகளை விட்டிருக்கிறார்கள். வெடி விழுந்து பூச்சு உதிர்ந்த பிறகு இம்மாதிரிப் பழைய சுவர்த் துண்டுகள் அங்கங்கே வெளியே வந்தன. இடிந்ததால் தெரியவந்த பழமை.

பேராலயத்தின் பக்கச் சந்தில் சுவரில் இரும்புச் சங்கிலிப் பட்டை ஒன்று பதித்திருக்கும். ஆளில்லாமல் வெடிமருந்து கொண்டுபோக ஜெர்மானியர்கள் வைத்திருந்த வண்டி ஒன்றின் பட்டை. ஒரு ஆள் கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேராலயத்தின் பின்னால் இருக்கும் சின்ன முக்கோணத் திடலில் விரிசல் விட்ட பழைய மணி இருக்கிறது, மூன்று சுற்றுச் சுற்றினால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நான் சுற்றியிருக்கிறேன். வீட்டுக்கடன் கிடைத்தது, அதைப் பலன் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

வழியில் சுவர்களில் சிலுவை பொறித்த கல் பலகைகள் பார்ப்பீர்கள். எந்த இடத்தில் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று எழுதியிருக்கும். நவம்பர் 1 புனிதர் நாளுக்கு வைத்த கண்ணாடி விளக்குகள் இன்னும் சில அதன் கீழே எரிந்துகொண்டிருக்கும்.

17 நவம்பர், காலை 7.40

விட்டுப் போனது: ஆறு பார்க்கும் மேட்டுக்குப் போங்கள். பெயர் க்னோய்னா கூரா. 'சாணி மேடு' என்று அர்த்தம். நூற்றாண்டுகளாக ஊர்க் குப்பை கொட்டின இடம். புதுமணத் தம்பதிகள் படம் எடுக்கும் அழகான மாடம் இப்போது அதுதான். பெயரைச் சொல்லாமல் கூட்டிப்போங்கள்.

1980இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது. பழமைக்காக அல்ல, திருப்பிக் கட்டிய காரியத்துக்காக. நண்பனிடம் இதைச் சொல்லுங்கள். கேட்க மாட்டான், என்றாலும் சொல்லுங்கள்.

வாசகர், 20 நவம்பர்

போனேன். மழை. 175இல் டிக்கெட் குத்தினேன். பால் கடை அம்மா முறைத்தார். சங்கிலிப் பட்டையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது, நான் தேடுவதைப் பார்த்து ஒரு தாத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். அசல் கடற்கன்னியைப் பார்க்க நேரமில்லை. நீங்கள் சொன்ன கீறல் நிழல் தெரியவில்லை, வெயிலே இல்லை. ஆனால் மழையில் அந்தப் பச்சை வீடு கறுப்பாகி, ஜன்னலில் விளக்குப் போட்டார்கள். துணி காயவில்லை. ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. நண்பனுக்குப் படம் அனுப்பினேன். "செட்டுல பூனையா?" என்று கேட்டான்.

20 நவம்பர், இரவு 10.00

எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி என்று சொல்லுங்கள். தெற்குப் பக்கம் இரண்டாம் மாடி என்றால் எனக்குத் தெரிந்த பூனை, சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

21 நவம்பர், காலை 7.05

வடக்குப் பக்கம் என்கிறார். அது அருங்காட்சியகம், அங்கே யாரும் குடியிருப்பதில்லை. பூனை எப்படி?